வளைந்து போன கோடு

முதல் ஒரு மாதம் ஃபர்னஸைத்தான் சந்தேகப்பட்டேன். புதுச்சேரியில் எம்.எஸ்சி. வேதியியல் ப்ராஜெக்ட். காற்றை உறிஞ்சி எடுத்த குவார்ட்ஸ் பாத்திரத்தில் புரொப்பேன் வாயுவை விட்டு, ஃபர்னஸில் சூடாக்கி, 550 டிகிரி செல்சியஸில் அது உடைவதை அழுத்தமானியில் பார்க்க வேண்டும். உடைந்தால் புரொப்பீனும் ஹைட்ரஜனும் வரும், இல்லாவிட்டால் எத்திலீனும் மீத்தேனும். எப்படியானாலும் ஒன்று இரண்டாவதால் அழுத்தம் ஏறும்.

முதலில் மளமளவென்று ஏறும். சில நிமிடத்தில் தளர்ந்துவிடும். புரொப்பேன் பெரும்பகுதி அப்படியே இருக்கும்போதே தளர்ந்தால் எப்படி? உப்புக்காற்றில், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளின் திருகுகளில் களிம்பு ஏறியிருக்குமோ என்று சுரண்டினேன். இணைப்புகளுக்கு மறுபடி கிரீஸ் போட்டு இரவு முழுக்க வெற்றிடத்தில் விட்டேன். அழுத்தமானி முள் அசையவில்லை, கசிவே இல்லை. ஆனாலும் நோட்டில் அந்த ரன்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘கசிவு’ என்றே எழுதி வைத்தேன்.

ப்ராஜெக்ட் கைடு மேடம் அழுத்த கிராஃபைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உள்ள என்ன இருக்குப்பா?”

“புரொப்பேன், மேடம்.”

“ரெண்டு நிமிஷம் கழிச்சு?”

ஈ.சி.ஆர். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அதே கேள்விதான். மறுநாள் தொடக்கத்திலேயே கொஞ்சம் புரொப்பீன் கலந்தேன். வேகமாக ஏறும் அந்த முதல் பகுதியே காணோம். கோடு ஆரம்பத்திலிருந்தே படுத்தபடி, கிட்டத்தட்ட நேராகப் போனது. எனக்குக் கை நடுங்கியது.

இது சங்கிலி வினை, ஒரு படியில் பிறக்கும் துகளே அடுத்த படியைத் தூண்டும். ஹைட்ரஜன் அணுவும் மெத்தில் ரேடிக்கலும் (ரேடிக்கல் என்றால் ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட துகள்) புரொப்பேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிச் சங்கிலியை ஓட்டுகின்றன. ரைஸ், ஹெர்ஸ்ஃபெல்டு என்ற இரு விஞ்ஞானிகள் 1934இல் சொன்ன வழி. புரொப்பேனின் நடுக் கார்பனில் ஹைட்ரஜனைப் பிடித்திருக்கும் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 410 கிலோஜூல் வேண்டும். புரொப்பீனின் மெத்தில் முனையில் 370 போதும். அங்கே பிடுங்கினால் கிடைப்பது அல்லைல் ரேடிக்கல். உடனிசைவால், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒரே இடத்தில் நிற்காமல் பரவுவதால், நிலைத்துவிட்ட அது இன்னொரு புரொப்பேனைத் தாக்க லேசில் கிளம்பாது. வேறொரு ரேடிக்கலோடு சேர்ந்தால் சங்கிலியே அறுந்துவிடும். வினை தன் விளைபொருளாலேயே தன்னைத் தடுத்துக்கொண்டிருந்தது.

சரி, புரொப்பீன் மாதிரி இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன் எல்லாமே தடுக்குமா? எத்திலீனைக் கலந்து பார்த்தேன். அந்த அளவு தடை இல்லை. இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்துக் கார்பனில் இருக்கும், பிடுங்கத் தோதான அல்லைல் ஹைட்ரஜன் அதில் கிடையாது. ஹைட்ரஜன் அணு அதோடு சேர்ந்தாலும் எத்தில் ரேடிக்கலாகிச் சங்கிலியைத் தொடர முடியும்.

‘கசிவு’ என்று ஒதுக்கிய ரன்களை அன்றைக்கே திரும்ப எடுத்தேன். ஒவ்வொன்றிலும் புரொப்பீன் சேர்வதற்கு முந்தைய தொடக்கப் புள்ளியில் ஸ்கேலை வைத்துத் தொடுகோடு வரைந்து, உண்மையான வேகத்தைக் கணக்கிட ஆரம்பித்தேன்.