டிஸ்டில்லர் அடியில படியுற உப்பு

அப்பா ராத்திரி சிபேப் மெஷின் (தூக்கத்துல மூச்சு அடைக்காம இருக்க மாஸ்க் வழியா காத்து தள்ளுறது) போட்டுட்டு தான் தூங்குறாரு, அதோட தண்ணி டேங்க்ல டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்கன்னு டாக்டர் சொன்னதால வீட்டுலயே ஒரு 4 லிட்டர் டிஸ்டில்லர் (தண்ணியை கொதிக்க வச்சு, ஆவியை ஆற வச்சு சுத்தமான தண்ணியா பிடிக்கிற மெஷின்) வாங்கி வச்சிருக்கோம். எங்க போர் தண்ணில டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பை அளக்குறது) வச்சா லிட்டருக்கு 1200 மில்லிகிராம்னு காட்டும். 4 லிட்டர் கொதிச்சா தண்ணி மட்டும் ஆவியா போயிடும், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் உப்பு அடியிலயே தங்கிடும், ஒரே தடவைக்கு இவ்வளவுன்னா ரெண்டு வாரம் கழுவாம விட்டா எவ்வளவு சேரும்னு பாத்துக்கோங்க.

மொத தடவை கம்பி நார் வச்சு தேய்ச்சுட்டேன். தயவு செஞ்சு யாரும் அதை பண்ணாதீங்க, ஸ்டீல்ல கீறல் விழுந்து இப்ப அந்த கோட்டுலயே தான் உப்பு இறுக்கிப் பிடிக்குது.

கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டா தருவாங்க, அதான் சிட்ரிக் ஆசிட். கறை முழுகுற அளவுக்கு தண்ணி ஊத்தி, லிட்டருக்கு 2 டேபிள்ஸ்பூன் போட்டு, நல்லா சூடானதும் கொதி வர்றதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணி பிளக்கை உருவிடுவேன். போட்ட உடனே சுர்ர்ன்னு பொடிப்பொடியா நுரை கிளம்பும், கால்சியம் கார்பனேட்ல இருந்து கார்பன் டை ஆக்சைடு வெளிய வர்றது தான் அது. அரை மணி நேரம் கழிச்சு பாத்தா பழுப்பு வளையம் முட்டை ஓடு மாதிரி துண்டு துண்டா கழண்டு மிதக்கும், ஸ்பாஞ்ச் வச்சு துடைச்சாலே போதும். வினிகரும் வேலை செய்யும், ஆனா வாசனை போக நாளாகும். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் கிட்டயே கொண்டு வராதீங்க, ஆசிட்டோட சேந்தா குளோரின் கேஸ் வரும். டிஸ்டில்லரை சிங்க்ல முக்கி கழுவவும் கூடாது, அடியில ஹீட்டர் வயர் எல்லாம் இருக்கு.

ரெண்டு மூணு தடவை அலசிட்டு அடுத்து வர்ற மொத ஜக் தண்ணியை கீழ ஊத்திடுவேன், டிஸ்டில்லர்ல தண்ணி வெளிய வர்ற மூக்குல இருக்குற, வாசனையை இழுக்குற கார்பன் பையையும் அப்பவே பாத்துடுவேன்.

இப்ப இன்னொரு பழக்கமும் வந்திருக்கு, 4 லிட்டரும் வத்துற வரைக்கும் விடுறதில்ல. கடைசி அரை லிட்டர் இருக்கும்போதே நிறுத்தி, ஆறினதும் கொட்டிடுறேன், உப்பு காஞ்சு ஒட்டுறதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல தண்ணியோட போயிடுது. முன்னாடி வாராவாரம் எலுமிச்சை உப்பு போட வேண்டியிருந்துச்சு, இப்ப மாசத்துக்கு ஒரு தடவை போதும்.