எட்டடி மண்ணுக்கு ஒரு மூங்கில்

மார்ச் 2
பின்பக்கத்தை அளந்தேன். சுவரிலிருந்து வேலி வரை 8 அடி, நீளம் 20 அடி. வேலிக்கு அந்தப்பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) லாரி போகிற சாலை. துணி காயப்போட்டால் சாயங்காலம் செம்மண் நிறத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தால் பின்வாசலில்தான் நாற்காலி போட்டு உட்காருவார். அதற்குள் அங்கே மூங்கில் நிற்க வேண்டும்.

மார்ச் 3
ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 5
சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே இருக்கும் நர்சரிக்குப் போனேன். தௌக்கே, அதாவது கடை முதலாளி, முதலில் காட்டியது பூலோ காடிங். மஞ்சள் கழி, அதில் பச்சைக் கோடு. கண்ணை எடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், மஞ்சள் மூங்கில் வீட்டுக்கு நல்லது, கெட்டது எதுவும் அண்டாது என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார். ஆனால் அது முப்பது நாற்பது அடிக்குச் சாதாரணமாகப் போகும், கழி ஒவ்வொன்றும் கை மொத்தம் வரும். 8 அடி இடத்தில் அதை வைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் தூர் சுவரை வந்து தொட்டுவிடும். வாங்காமல் வந்துவிட்டேன். மனசு அங்கேயே இருக்கிறது.

மார்ச் 6
இன்று கொஞ்சம் பேசினார். நர்சரிக் கதையைச் சொன்னேன்.
"கெழங்க பாத்தியா?"
"இல்லங்க, கழியதான் பாத்தேன்."
"கழியப் பாத்து என்னா ஆவுது? தொட்டியிலேருந்து தூக்கி அடிய பாரு."
அப்புறம் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி விளக்கினார். கிழங்கு இஞ்சி மாதிரி குட்டையாக, மொத்தமாக, மேலே வளைந்து இருந்தால் அது தூர் கட்டுகிற ஜாதி. புதுக் குருத்து பழைய கழியை ஒட்டியே வரும், சுற்றி மெல்ல மெல்லத்தான் பெருக்கும். மெல்லிசாக, நீளமாக, கணுவுக்குக் கணு மொட்டோடு படுத்துக்கொண்டு போனால் அது ஓடுகிற ஜாதி. அருகம்புல் மாதிரி. இங்கே நட்டால் பக்கத்து வீட்டில் முளைக்கும். குளிர் நாட்டு மூங்கில்களில்தான் அது அதிகம், நம் ஊர்க் காட்டில் இருப்பதெல்லாம் தூர் கட்டுகிறவைதான், ஆனாலும் பார்க்காமல் வாங்காதே என்றார்.

பஸ்ஸில் வரும்போது கல்யாணத்தில் பெரியவர்கள் வாழ்த்தியது ஞாபகம் வந்தது. ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க. அருகு ஓடும், மூங்கில் சுற்றி நிற்கும். வாழ்த்தியவர்கள் இரண்டையும் கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்து இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது.

மார்ச் 9
நோன்பு மாதக் கடைகளில் மூங்கில் குழலில் வேகவைத்த லெமாங் வாங்கினேன். புளுட் எனும் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் வெந்து வாழையிலையோடு உருவி வரும்போது அந்தக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவ்வளவு மெல்லிய சுவர், கணுவுக்குக் கணு அவ்வளவு தூரம். சமைக்க ஏற்றது. என் வேலிக்கு ஆகாது, அதுவும் உயரமாகப் போகிற ஜாதி.

மார்ச் 10
போன் வரவில்லை.

மார்ச் 12
தூக்கம் இல்லை. மணி மூன்று.

மூங்கில் பூத்தால் பஞ்சம் என்று ஆயா சொல்லும். இந்தியாவில் மிசோரம் பக்கம் ஒரு மூங்கில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறை மலை முழுக்க ஒன்றாகப் பூக்கிறது. காய்களைத் தின்று எலி பெருகும், மூங்கில் காய் தீர்ந்ததும் எலிகள் வயலில் இறங்கும். 1959-இல் அங்கே பஞ்சமே வந்தது. ஆயாவிடம் இதையெல்லாம் யார் சொன்னார்கள்? பூத்த மூங்கில் பெரும்பாலும் அப்படியே காய்ந்து போகும். ஒரே தாய்த்தூரிலிருந்து பிரித்தவை எங்கே நட்டாலும் அநேகமாக ஒரே காலத்தில் பூக்கும் என்கிறார்கள். நான் வாங்கப் போகும் செடிக்கு எத்தனை வயது என்று யாரிடம் கேட்பது? சின்னச் செடியாக இருக்கும், ஆனால் அதன் தாய்க்கு எத்தனை வயதோ. நட்டு, அவர் வந்து உட்கார்ந்து, அந்த வருடமே பூத்துவிட்டால்?

விடிந்ததும் ஈப்போ போக வேண்டும்.

மார்ச் 13
நேற்று எழுதியதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 15
எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பில், ஒரு பிள்ளைக்கு டெங்கி. வீடு வீடாக வந்து பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு வீட்டில் வெட்டிவிட்ட மூங்கில் கட்டைகளில் தண்ணீர் நின்று புழு நெளிந்ததாம். கணுவுக்கு மேலே ஒட்டி வெட்டினால் கிண்ணம் மாதிரி இடமே இருக்காது. இதை மறக்கக் கூடாது.

மார்ச் 17
தோட்டத்தில் உயரமான செம்பனையில் குலை வெட்ட அப்போதெல்லாம் மூங்கில் கழியில்தான் அரிவாள் கட்டுவார்கள். அவர் கழியைத் தட்டிப் பார்ப்பார். முற்றாததற்குச் சத்தம் வேறு, மூன்று வருடம் நின்றதற்குச் சத்தம் வேறு. அலுமினியக் கழி வந்த பிறகும் பழைய கழியை லயத்து வீட்டுக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரை இறப்பில் செருகி வைத்திருந்தார். தோட்டத்தை விட்டு வரும்போது லாரியில் இடமில்லை. லயத்தில் எங்கள் வரிசையில் இருந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில். கிள்ளான், ஜொகூர், ஒருவர் சிங்கப்பூர்.

மார்ச் 19
வாங்கிவிட்டேன். பூலோ பாகார், வேலிக்கென்றே நடுகிற சின்ன இலைச் சீன மூங்கில். பேம்பூசா மல்டிபிளெக்ஸ் என்று அட்டையில் எழுதியிருந்தது. விரல் மொத்தம்தான் கழி, அடர்த்தியாக நிற்கும், நுனி வெட்டினால் சொன்ன உயரத்தில் இருக்கும். ஐந்து தொட்டி. ஒவ்வொன்றையும் தூக்கி அடியைப் பார்த்தேன். இஞ்சிதான். தௌக்கே கோபப்படவில்லை, அவரே மண்ணைத் தட்டிக் காட்டினார்.

மார்ச் 20
மகன் குழி வெட்டினான். 4 அடிக்கு ஒன்று, சுவரிலிருந்து தள்ளி வேலி ஓரமாக. மாட்டுச்சாணி, காய்ந்த இலை. இலை உரசிக் கை இன்னும் அரிக்கிறது.

மார்ச் 22
எல்லாச் செடியிலும் இலை சுருண்டுவிட்டது. வெயில் அப்படி. இரண்டு வேளை தண்ணீர்.

மார்ச் 24
முதல் வருடக் கழிகள் மெல்லிசாகத்தான் வரும், பயப்படாதே என்றார். மண்ணைவிட்டு என்ன பருமனில் வெளியே வருகிறதோ அதுதான் கடைசிவரை. அடுத்தடுத்த வருடம் வருகிற கழிதான் பெரிசு. "நாலாவது வருசம் பாரு," என்றார்.
நாலாவது வருசம் என்று அவர் வாயால் சொன்னார்.

மார்ச் 26
நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

மார்ச் 27
ஆறரை மணி பஸ். தண்ணீர் ஊற்றிவிட்டேன். நான்காவது செடி கழிவுத்தொட்டி மூடிக்குக் கிட்டே போய்விட்டது, ஒரு அடி தள்ளி நட வேண்டும். வந்து