மட்டக்களப்பில் டெவலப்பர் மாநாடு: மண்டபத்துக்கும் வாவிக்கும் நேரம் பிரிப்பது எப்படி

மட்டக்களப்பில் நடக்கும் மென்பொருள் மாநாட்டுக்கு வர எண்ணினால் முதலில் திகதியைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி, தை மூன்றும் வாடை மழைக்காலம். வாவி நிரம்பித் தாழ்ந்த வீதிகளில் நீர் ஏறும். மண்டபத்துக்குள் இருக்கலாம், ஊர் பார்க்க முடியாது. மாசி, பங்குனி, சித்திரை இதமான மாதங்கள். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று. அது மலைநாட்டின் மறுபக்கத்தில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வருகிறது. அதனால் நண்பகலில் 35 பாகை வரை சுடும். அந்த மாதங்களில் பகல் முழுவதும் மண்டபத்துக்கு, விடியலும் இரவும் வாவிக்கு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் கெடாது. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் பௌர்ணமியை ஒட்டிய வார இறுதி கிடைத்தால் விடவேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து தரைவழி 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பஸ்கள் தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை வழியாக வரும், 8 மணித்தியாலம் வரை பிடிக்கும். லப்டொப்போடு வருபவர்களுக்கு ரயிலே நல்லது. இருக்கை முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், விடுமுறை வார இறுதிக்கு அன்றைக்கே போட்டுவிடுங்கள். கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரிந்துவிடும். உங்கள் வண்டி மின்னேரியா, பொலன்னறுவை தாண்டி மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து கிழக்கே இறங்கும். கல்லோயா, மின்னேரியாப் பகுதியில் இரவு வண்டி மெதுவாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே யானைகள் தண்டவாளத்தைக் கடக்கின்றன. 2025 பெப்ரவரியில் ரயில் மோதி 6 யானைகள் இறந்தன, வண்டியும் தடம் புரண்டது. இந்தத் தாமதத்தை நினைத்து, காலை 9 மணிக்கு உங்கள் அமர்வு இருந்தால் அன்று காலை வந்துசேரும் இரவு ரயிலை நம்பாமல் முதல் நாளே வந்து சேருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் சென்னையிலிருந்து பலாலிக்குப் பறந்து, யாழ்ப்பாணத்தில் மட்டக்களப்பு பஸ் பிடித்தால் கொழும்பைச் சுற்ற வேண்டியதில்லை.

மாநாடு எங்கே என்று அறிந்த பிறகுதான் அறை போடவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் நகரத்தில் இல்லை. அது வந்தாறுமூலையில், திருகோணமலை வீதியில் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. பெயரைப் பார்த்து நகரத்திலிருந்து ஓட்டோவில் கிளம்புபவர்கள் முதல் அமர்வைத் தவறவிடுகிறார்கள். அங்கே நிகழ்வு என்றால் வாழைச்சேனை பஸ்ஸில் ஏறிப் பல்கலைக்கழக வாசலில் இறங்கலாம், காலை 7 மணிக்கே வீதிக்கு வந்துவிடுங்கள். நகரத்துக்குள் நிகழ்வு என்றால் கல்லடியில் தங்குங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, இரண்டுக்கும் நடந்தே போகலாம். நகர மையமான புளியந்தீவு கடைக்கும் கோட்டைக்கும் வசதி, ஆனால் அங்கே கடற்காற்று குறைவு.

இனி மண்டபம். இங்கே சிக்கல்கள் புதியவை அல்ல, எல்லாமே முன்கூட்டிக் கணக்குப் பார்க்கக்கூடியவை. வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரவுட்டர், இணையும் கருவிக்கு ஒன்றாக, 254 முகவரி கொண்ட வலையமைப்பைத் தரும், அதில் ஒன்று ரவுட்டருக்கே போய்விடும். 130 பேர் ஆளுக்கொரு போனும் லப்டொப்பும் கொண்டுவந்தால் 260. காலைத் தேத்தண்ணி இடைவேளைக்கு முன்பே முகவரி தீர்ந்து, பின்னால் வருபவர்களுக்குச் சிக்னல் முழுதாகக் காட்டும், இணையம் வராது. ‘நெட் ஸ்லோ’ என்று எல்லோரும் சொல்வது பல தடவை இதுதான். முகவரியைப் பிடித்துவைக்கும் காலம் 24 மணித்தியாலமாக இருந்தால் வெளியே போனவரின் முகவரியும் திரும்பாது. அதை ஒரு மணித்தியாலமாகக் குறைத்து, வலையமைப்பை 1,022 முகவரிக்கு விரித்தால் தீரும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசை மூன்றுதான்: 1, 6, 11. நான்காவது கருவி வைத்தால் நிலைமை மோசமாகும். லப்டொப்புகளை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

செயலமர்வு நடத்துபவர் 40 பேரையும் ஒரே நேரத்தில் நிரல் பொதிகளை இறக்கச் சொன்னால் எந்த இணைப்பும் தாங்காது. நோட் (Node.js) பொதிகளுக்கு, அவற்றைச் சேமித்துப் பகிரும் வெர்டாசியோ மென்பொருளை ஒரு லப்டொப்பில் ஓடவிட்டு, எல்லோரையும் அதை நோக்கித் திருப்புங்கள். ஒரு தடவை இறங்கியது அதிலிருந்தே மற்றவர்களுக்கும் போகும். மென்பொருளை அதன் சூழலோடு கட்டிவைக்கும் டொக்கர் படிமங்களைக் கோப்பாகச் சேமித்துப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். பழைய ஃபட்32 முறையில் ஃபோமட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபட்டுக்கு மாற்றுங்கள். புதிய அப்பிள் மக் கணினியில் சேமித்த படிமம் ஆர்ம் செயலிக்கான வகை. இன்டெல் லப்டொப்பில் அது ஏறிவிடும், ஓடும்போதுதான் பிழை காட்டும். இரண்டு வகையையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருங்கள்.

மின்சாரம் 230 வோல்ட். புதிய கட்டடங்களில் சதுர முள் 13 அம்பியர் பிளக், பழையவற்றில் வட்ட முள். மாற்றி ஒன்று பையில் இருக்கட்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரச் சில விநாடி. லப்டொப்புக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழும்ப நிமிடக்கணக்கு, புரொஜெக்டர் விளக்கு ஆறி எரிய அதைவிடவும் நேரம். ஏற்பாட்டாளர்கள் ஒரு சிறிய யுபிஎஸ்ஸை ரவுட்டருக்கு மட்டுமாவது கொடுத்தால் பாதித் தவிப்பு குறையும். யன்னல் திறந்த மண்டபத்தில் கறுப்புப் பின்னணிக் குறிநிரல் தெரியாது. வெள்ளைப் பின்னணிக்கு மாற்றி, எழுத்தை 24க்குக் குறையாமல் வையுங்கள்.

தமிழில் சிலைட் போடுபவர்கள் பாமினி எழுத்துருவை விட்டுவிடுங்கள். இலங்கையில் இன்னும் ஏராளமான ஆவணங்கள் பாமினியில்தான் உள்ளன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைக்கும் பழைய ஏற்பாடு, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைகால் புரியாத ஆங்கில எழுத்துகளாகவே நிற்கும். ஒருங்குறியில் (யுனிகோட்) எழுதி, எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஒன்றும் கையில் வைத்திருங்கள். சென்னை நண்பர்களுக்கு இன்னொன்று: தமிழ்99 பழகிய விரலுக்கு இங்குள்ள விசைப்பலகை புதிதாக இருக்கும். இலங்கையின் தரம் ரெங்கநாதன் விசைப்பலகை. இரவல் லப்டொப்பில் நேரடி டெமோ செய்ய வேண்டாம்.

இங்கே நடக்கும் கூடலில் தமிழ்த் தரவு பற்றிய அமர்வு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உதாரணம் ஊர்ப் பெயரிலேயே கிடக்கிறது. ‘மட்டக்களப்பு’ 8 எழுத்து. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 12 என்று சொல்லும், ஏனென்றால் அது புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைற், ஆக 36 பைற். பைற் கணக்கில் 20 என்று எல்லை வைத்த பெயர்ப் புலத்தில் நம் ஊர் பாதியில் முறிந்துவிடும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70தான். ஒரு வரி கூடினாலும் இரண்டு செய்திக்குக் காசு. கோயிலுக்குப் பேர்போன பக்கத்து ஊர் ‘கொக்கட்டிச்சோலை’ இன்னும் நுட்பம். ஒகர, ஓகரக் குறிகளை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, நீளம் முதலாவதில் 15, இரண்டாவதில் 17. ஒருவர் ஒரு விதமாகப் பதிய, மற்றவர் வேறு விதமாகத் தேட, கோயில் பட்டியலில் கொக்கட்டிச்சோலையே காணாமல் போகும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரு விதத்தையும் ஒன்றாக்கும் ஒருங்குறி இயல்பாக்கத்தை ஓடவிட்டால் சரி. எழுத்தை எண்ணுவதற்கு ஜாவாஸ்கிரிப்டின் Intl.Segmenter 8 என்று சரியாகத் தரும், ஆனால் ‘க்ஷ’ வந்தால் இரண்டாக எண்ணும்.

அம்பாறையிலிருந்தும் பொலன்னறுவையிலிருந்தும் வருபவர்களில் சிங்களம் பேசுபவர்களும் இருப்பார்கள். பேச்சு தமிழில் ஓடட்டும், திரையில் குறிநிரலும் படமும் கூடுதலாக இருந்தால் அவர்களும் கூட வருவார்கள்.

விடியல் 5.30 மணிக்குப் பழைய கல்லடிப் பாலத்தில் நடந்துவிட்டு வந்தாலும் முதல் அமர்வுக்கு நேரம் மிஞ்சும். 1924 இல் திறந்த இரும்புப் பாலம் அது, ஆளுநர் மனைவியின் பெயரால் லேடி மனிங் பாலம். பக்கத்தில் 2013 இல் திறந்த புதிய பாலம் வாகனங்களைச் சுமக்கிறது. அந்த நேரத்தில் வலை வீசுபவர்களின் தோணிகள் கீழே வரும். பாலம் இறங்கிக் கல்லடிக் கடற்கரைக்குப் போனால் திருச்செந்தூர் முருகன் கோயிலைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை சாய்த்த அதன் கோபுரம் அந்த நாளைச் சொல்லும்.

கல்லடி உப்போடையில் தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் சமாதி. மாநாட்டுக்கு வந்த எவரும் அங்கே போகாமல் திரும்பக்கூடாது. காரைதீவில் 1892 இல் பிறந்தவர், அறிவியல் படித்தவர், பழந்தமிழ் இசை பற்றி யாழ்நூல் செய்தவர். 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இன்று ‘வேரியபிளுக்கு மாறி என்பதா’ என்று மண்டபத்தில் எழும் வாதத்தின் மூத்த தலைமுறை அங்கே உறங்குகிறது.

அரை நாள் இடைவெளி கிடைத்தால் புளியந்தீவுக் கோட்டை. போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். கச்சேரி (மாவட்டச் செயலகம்) இயங்கிய கட்டடங்கள் உள்ளே இருப்பதால் வார நாளில் அலுவலக நேரத்தில் போவது நல்லது. பார் வீதியால் போனால் பாலமீன்மடுவில் 1913 இல் கட்டிய, 28 மீற்றர் உயர வெளிச்சவீடு. வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும் அங்கேதான். வழியில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில். முழு நாள் இருந்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்குப் படகு தேவையில்லை. பாசிக்குடா நல்ல கடல், 35 கிலோமீற்றர் போய் வரவேண்டும். இரண்டு நாள் பயணத்தில் அதைச் செருகினால் வாவியை இழப்பீர்கள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானியர் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை நினைத்து வருபவர்களுக்கு: அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, சாதாரண சுழியோட்ட எல்லை 40 மீற்றர். தொழில்நுட்பப் பயிற்சி இல்லாமல் கேட்கவே வேண்டாம்.

மதியச் சோற்றுக்கு வாவி மீன் கேளுங்கள், ஒட்டி, மணலை, திரளி எது அன்று வந்ததோ அது. நண்டுக் குழம்புக்கு நேரம் வேண்டும், 45 நிமிட இடைவேளையில் நண்டு உடைத்தால் அடுத்த அமர்வு போய்விடும். அதை இரவுக்கு வையுங்கள். காத்தான்குடி கல்லடியிலிருந்து பக்கம், புரியாணிக்கும் இனிப்புக்கும் போகலாம். வெள்ளி ஜும்ஆ நேரத்தில் கடைகள் மூடியிருக்கும், நோன்பு மாதத்தில் மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு போங்கள். கடையில் மூத்தவரைக் ‘காக்கா’ (அண்ணன்) என்று கூப்பிட்டால் முகம் மலரும்.

மட்டக்களப்பு வாவியின் பேர்போன ‘பாடும் மீன்’ ஒலியைக் கேட்கும் பௌர்ணமி இரவுக்கு வருவோம். பாலத்தடியில் தோணிக்காரரிடம் மாலையிலேயே பேசி, கூலியையும் நேரத்தையும் முடித்துவிடுங்கள். காற்று விழுந்து, வாகன இரைச்சல் அடங்கியபின் இறங்குங்கள். எஞ்சின் வேண்டாம். ஆழமான இடத்தில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு வையுங்கள். மரம் ஒலியைக் காற்றைவிட நன்றாகக் கடத்தும். நரம்பு ஒன்றை மீட்டியது போல, இடையிடையே நிற்கும் ஒலி. 1848 இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இதைக் கேட்டு எழுதினார், ஓடுள்ள சிறு நீருயிர்களான ஊரிகளே காரணம் என்று அவருக்குச் சொன்னார்கள். மீனா ஊரியா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. யேசுசபைக் குரு லாங் அடிகளார் பதிவுசெய்த ஒலி இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. பதிவு செய்ய விரும்புபவர்கள் போனை நம்பாமல் நீரொலிவாங்கி கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் நேரம், ஆழம், நிலவு நாள் மூன்றையும் குறித்து வையுங்கள். பெயரில்லாத பத்துக் கோப்பை வைத்து எவரும் எதையும் ஒப்பிட முடியாது.

திரும்பும் நாள் எருமைத் தயிர் வாங்கினால், மண்முட்டி நீரை உறிஞ்சுவதால்தான் தயிர் இவ்வளவு கட்டியாக நிற்கிறது என்பதை மறக்கவேண்டாம். வெளிப்புறம் கசியும், லப்டொப் பைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். கயிறு கட்டிய முட்டியாகப் பார்த்து எடுத்து, மடியிலோ காலடியிலோ நிமிர்த்தி வையுங்கள். கொழும்பு வெக்கையில் இரண்டாம் நாளே புளித்துவிடும், இறங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகட்டும்.