இன்வர்ட் நம்பர் கேட்ட கவுன்சில்

ஸ்டூடண்ட்ஸ் கவுன்சில் பிள்ளைகள் மனு கொடுக்க வந்தால் பெரும்பாலும் நேராக டீன் அறைக்குத்தான் போவார்கள். டீன் வாங்கிப் படிப்பார், "பார்க்கலாம்மா" என்பார், ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அவர்கள் படியிறங்குவதற்குள் மனு டிராயருக்குள் போயிருக்கும். 2017-இல் தலைவராக இருந்த பெண் மட்டும் முதலில் என் மேஜைக்கு வந்தார், கையில் இரண்டு பிரதி. "ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணுல சீல் வச்சு இன்வர்ட் நம்பர் போட்டுக் குடுங்க சார்." எனக்குச் சுருக்கென்றது. வருகிற காகிதத்தை ரிஜிஸ்டரில் பதிந்து போடுகிற எண் அது. அந்த நம்பர் விழுந்துவிட்டால் அந்தக் காகிதம் வரவே இல்லை என்று யாரும் பிறகு சொல்ல முடியாது, அதுவரை எங்களுக்கு அந்த வசதி இருந்தது.

நான் அப்போது ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில், மாணவர் நலன் டீன் அலுவலகத்தில் அசிஸ்டண்ட். கவுன்சிலுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே போகிற காகிதமெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். கோஷம் ஜன்னல் வழியாக வரும், அது வேறு.

விவகாரம் இதுதான். 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எம்.ஃபில்., பிஎச்.டி.க்குப் புது விதிகள் கொண்டுவந்தது. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பிஎச்.டி. மாணவர்களுக்கு மேல் கைடாக இருக்கக் கூடாது, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. நுழைவுத் தேர்வில் 50 சதவீதம் எடுத்தால் நேர்காணலுக்குத் தகுதி, அவ்வளவுதான், அதற்குமேல் அந்த மதிப்பெண்ணுக்கு வேலை இல்லை, நேர்காணலில் யார் எவ்வளவு வாங்குகிறார்களோ அதுவே ஆளைத் தீர்மானிக்கும். 2017 மார்ச்சில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக (ஜேஎன்யூ) வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் யுஜிசி விதியைப் பின்பற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டதால், தயங்கிக்கொண்டிருந்த எங்கள் நிர்வாகமும் சர்க்குலரைத் தயார் செய்துவிட்டது.

கைடுக்கு இத்தனை பேர் என்பது படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. பதினைந்து ஸ்காலர்களை வைத்துக்கொண்டு ஒருவரின் அத்தியாயத்தைக்கூடப் படிக்காத ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடும்போதுதான் விஷயம் புரியும். ஒரு துறையில் 2 பேராசிரியர்கள், 3 இணை, 4 உதவி என்று வைத்துக்கொள்ளுங்கள். 16, 18, 16, மொத்தம் 50. அங்கே ஏற்கெனவே 52 பேர் பதிவு செய்திருந்தால் அந்த வருஷம் புது இடம் பூஜ்யம். அடுத்த வருஷமும் அனேகமாக அதேதான்.

சர்க்குலர் ஒட்டிய அன்று மாலையே அட்மின் பில்டிங் போர்டிகோவில் உட்கார்ந்துவிட்டார்கள். கவுன்சில் அழைத்த போராட்டம் இல்லை அது. எம்.ஏ. கடைசி செமஸ்டர் பிள்ளைகள், பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கக் காத்திருந்தவர்கள், தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். கவுன்சிலுக்கு அது பெரிய சங்கடம். தலைவர் ஒரு அமைப்பு, செயலாளர் அதற்கு நேர் எதிர் அமைப்பு, இருவரும் முதல் நாள் தனித்தனியாக அறிக்கை விட்டார்கள், இரண்டிலும் அடுத்தவரைத் திட்டியதுதான் அதிகம். இரண்டாம் நாள் தலைவர் மட்டும் ரிஜிஸ்ட்ரார் அறைக்குப் பேசப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தால், வெளியே இருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி "உள்ளே ஏசி நல்லா இருந்துச்சா?" என்பதுதான். பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே சுண்டிப்போனது.

அன்று இரவு பொதுக்குழு. என்னை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள், யார் யார் பேசுகிறார்கள் என்று குறித்து வைக்க. செக்யூரிட்டி அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குறித்தேன். பெருமையாகச் சொல்லவில்லை, வேலை, செய்தேன். ஒன்பதரைக்கு ஆரம்பித்த கூட்டம் இரண்டு மணி வரை போனது. ராஜினாமா செய் என்றார்கள், வி.சி.யை (துணைவேந்தரை) சுற்றி வளைத்து கேரோ செய்வோம் என்றார்கள், ஒருவர் மைக்கை விடவே மாட்டேன் என்று நாற்பது நிமிஷம் தேசிய அரசியல் பேசினார். கடைசியில் யாரும் பெரிதாகக் கவனிக்காத நேரத்தில் மூன்று தீர்மானம் நிறைவேறியது. இனி கவுன்சில் தனியாக உள்ளே போகாது, போராடுகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு பேர் கூட வருவார்கள். பேச்சுவார்த்தை முடிந்த அன்றே மினிட்ஸ், அதாவது பேசியதன் குறிப்பு, எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு துறையிலும் எந்த கைடிடம் எத்தனை பேர் என்ற பட்டியலைப் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும்.

மூன்றாவதைக் குறித்துக்கொண்டபோதே அடுத்த ஒரு வாரத்துக்கு என் தூக்கம் போச்சு என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் பேச்சுவார்த்தைக்கு மினிட்ஸ் டிராஃப்ட் நான்தான் போட்டேன். எங்களுக்குப் பழகிப்போன வாசகங்கள் இருக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு டைப் செய்யலாம். "கோரிக்கைகள் உரிய முறையில் பரிசீலிக்கப்படும்." தலைவர் பிரிண்ட் அவுட்டை வாங்கி, பேனாவை எடுத்து, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு ஓரத்தில் எழுதினார்: யார்? எந்தத் தேதிக்குள்? அவர் கையில் இருந்தது பச்சை மை. எங்கள் ஆபீசில் பச்சை மை அதிகாரிகளுக்கு மட்டும், அது எழுதப்படாத சட்டம். உதவிப் பதிவாளர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, கேள்வியை விட்டுவிட்டு மையைப் பற்றிக் கோபப்பட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாத்ரூம் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து "டீன் தலைமையிலான குழு, பத்து நாட்களுக்குள்" என்று திருத்தினேன். இத்தனை வருஷ சர்வீசில் நான் எழுதிய டிராஃப்டில் இப்படி ஒரு வரி இருந்ததில்லை.

பட்டியல் வந்தது. கவுன்சில் அதை எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போனது. செயலாளரும் சேர்ந்தே போனார், அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு வாரம் கழித்து இருவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார்கள். பூஜ்யம் என்று நாங்கள் போட்டிருந்த ஒரு துறையில் மூன்று பேர் தீசிஸ் சமர்ப்பித்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தார்கள். அவர்களை இன்னும் கைடின் கணக்கிலேயே வைத்திருந்தோம். ஒருவர் வேலை கிடைத்து ஊருக்கே போய்விட்டார், கேன்சல் கடிதம் துறை ஃபைலில் தூங்கியது. இதை நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. துறை அனுப்பிய எண்ணிக்கையை அப்படியே கூட்டினோம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் கூட்டலை நம்பித்தான் சர்க்குலர் போனது.

இன்னொன்றையும் எழுதியிருந்தார்கள், அது எங்கள் மண்டையில் உதிக்கவே இல்லை. மூன்று இடம் இருக்கிற துறையில் எஸ்.டி. மாணவருக்கான 7.5 சதவீதம் என்றால் 0.225. எஸ்.சி.க்கான 15 சதவீதம் என்றால் 0.45. துறை துறையாகத் தனித்தனியே கணக்குப் பார்த்தால் இரண்டுமே அரைக்கும் கீழே, ஒருவருக்கும் இடம் வராது. இடஒதுக்கீட்டு வரிசையான ரோஸ்டரை வருஷா வருஷம் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், இல்லாவிட்டால் துறைகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று கேட்டார்கள். கூட்டத்தில் அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ரோஸ்டரைத் தொடர ஒப்புக்கொண்டார்கள்.

சில துறைகளில் சில இடங்கள் திரும்பக் கிடைத்தன. நேர்காணல் விஷயம் அசையவே இல்லை, விதி டெல்லியிலிருந்து வந்தது, எங்கள் வி.சி.யே நினைத்தாலும் மாற்ற முடியாது. போர்டிகோவில் இருந்த பாதிப் பேர் கவுன்சில் ஏமாற்றிவிட்டது என்றே சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, அந்த வருஷ நேர்காணலுக்கு அவர்கள்தானே போக வேண்டியிருந்தது. 2018-இல் யுஜிசி விதியைத் திருத்தி எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று ஆக்கியது. அதற்குள் அந்தத் தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. மாணவர் தேர்தலுக்கு விதிகள் வகுத்த லிங்டோ கமிட்டியின் விதிப்படி நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் போட்டியிட முடியும். எங்கள் ஆபீசில் இதை வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும்: கவுன்சிலுக்கு ஆயுள் ஒரு வருஷம், ஃபைலுக்கு ஆயுள் கிடையாது. கொஞ்சம் இழுத்தால் போதும், அடுத்த தேர்தல் வந்துவிடும், புதிதாக வருகிறவர்கள் முதலிலிருந்து கேட்பார்கள்.

அப்படியேதான் நடந்தது. அடுத்த கவுன்சிலின் செயலாளர், தமிழ்ப் பையன், ஒரு மத்தியானம் வந்து, "அண்ணா, போன வருஷம் ரோஸ்டர் பத்தி ஏதோ ஒத்துக்கிட்டாங்களாமே, பேப்பர் இருக்கா?" என்று கேட்டான். முந்தைய கவுன்சிலின் பிரதிகள் ஹாஸ்டல் காலி செய்தபோது எங்கோ போய்விட்டனவாம். ஃபைல் என் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் இன்வர்ட் நம்பரும் தேதியும் எழுதி, "இதைப் போட்டு ஆர்டிஐ கேளு தம்பி, பத்து ரூபாய்தான்" என்றேன்.

கேட்டான். மனு சுற்றிச் சுற்றி என் மேஜைக்கே வந்தது. மினிட்ஸும் மனுக்களும் சேர்த்து 11 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய். 22 ரூபாய் கட்டிப் பெற்றுக்கொள்ளவும் என்று அவனுக்குக் கடிதம் டைப் செய்து, கையெழுத்துக்கு உள்ளே அனுப்பினேன்.