கேட்டவருக்கு மட்டும் தனிச்செய்தி

எங்கள் மாடித்தோட்டக் குழு டெலிகிராமில் இயங்குகிறது. ஆடிப்பட்டம் வந்துவிட்டால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: கத்தரி நாற்றை எப்போது தொட்டிக்கு மாற்றுவது? குழுவில் பதில் போட்டால் பூச்சிப் படங்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் அது புதைந்துவிடும். அதனால் தனிச்செய்தி அனுப்ப ஒரு பாட் (bot, தானாகச் செய்தி அனுப்பும் நிரல்) எழுதினேன்.

உருவாக்குவது எளிது. பாட்களைப் பதிவு செய்ய டெலிகிராமே வைத்திருக்கும் பாட்ஃபாதர் என்ற பாட்டிடம் பெயர் சொன்னால் டோக்கன், அதாவது நம் பாட்டை இயக்கும் ரகசியச் சாவி, கிடைக்கும். (அதை யாரிடமும் காட்டாதீர்கள், கையில் வைத்திருப்பவர் உங்கள் பாட்டின் பெயரில் பேசலாம்.) ஆனால் குழுவில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவருக்குப் பாட் செய்தி அனுப்ப முடியாது. அவர் முதலில் அதைத் திறந்து 'ஸ்டார்ட்' அழுத்த வேண்டும். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு இது மிகச் சரியான விதியாகப் படுகிறது. தோட்டம் பற்றிப் பேச வந்தவர், தன் செய்திப் பெட்டிக்குள் யாரும் நுழையலாம் என்று சம்மதிக்கவில்லையே!

குழுவின் மேலே கத்தரிக்கு ஓர் இணைப்பு, வெண்டைக்கு ஓர் இணைப்பு என்று வைத்திருக்கிறேன். இணைப்பின் முடிவில் 64 எழுத்துகள் வரை ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். அழுத்தியவர் எதைக் கேட்டு வந்தார் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். கத்தரி கேட்டவருக்கு உரிய நாளில் இப்படிப் போகும்: "விதைத்து 25 நாள் ஆகியிருக்கும். நாற்றில் நான்கைந்து இலைகள் இருந்தால் மாலை வேளையில் தொட்டிக்கு மாற்றுங்கள். இனி வேண்டாம் என்றால் 'நிறுத்து' என்று அனுப்புங்கள்."

கட்டணமின்றி ஒட்டுமொத்தமாக அனுப்பும்போது நொடிக்குச் சுமார் 30 செய்திகள்தான் வரம்பு. மீறினால் 429 பிழை, எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்ற குறிப்போடு வரும். 403 பிழை வந்தால், பெறுபவர் பாட்டைத் தடுத்துவிட்டார் என்று கொண்டு பெயரை நீக்கிவிடுகிறேன்.

இதையெல்லாம்விட முக்கியம், பதில். செய்தி வந்தால் மக்கள் பதில் எழுதுவார்கள். ஓர் அம்மா இலை சுருண்டிருக்கிறது என்று குரல்பதிவே அனுப்பினார். பாட்டுக்கு வருவது பாட்டோடு நின்றுவிடும். நாம் நிரலில் எழுதி வைத்தால்தான் குழு நிர்வாகிகளுக்குப் போய்ச் சேரும். ஆகவே வரும் ஒவ்வொன்றும் நிர்வாகிகளான எங்கள் சிறு குழுவுக்குத் திருப்பப்படுகிறது. அங்கே நாங்கள் எழுதும் மறுமொழியை பாட் அவரிடம் சேர்க்கிறது. கேட்டவர் பாட்டுக்கு எழுதினாலும், பதில் சொல்வது செடி வளர்க்கிற ஒரு மனிதர்தான்.

தைப்பட்டத்திற்குப் பழைய பட்டியலைப் பயன்படுத்தப்போவதில்லை. அப்போது மறுபடி அழுத்துகிறவர்களுக்கு மட்டுமே அனுப்புவேன்.