பல்லியும் நாற்பது பவுனும்

கும்பகோணம் சித்தப்பாவை இன்று காலைதான் ஒருவழியாகச் சமாதானப்படுத்தி முடித்தேன். எங்கள் வீட்டில் திருடன் எவனும் நுழையவில்லை, சமையலறைப் பல்லிதான் கூடத்துக்கு வந்தது, அதுவும் புதிதாக வரவில்லை, நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே இங்கேதான் இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகும், "சரி, மனசைத் தளரவிடாதே" என்று சொல்லித்தான் தொலைபேசியை வைத்தார்.

எங்கள் பின் தெருவில் ஒரு வீட்டின் பூட்டைத் திருடர்கள் உடைத்துவிட்டார்கள். நாங்கள் காசிக்குக் கிளம்புவதற்குள் இந்த வீட்டுக்கு ஒரு காவல் வேண்டும் என்று பெங்களூரில் இருந்தபடியே முடிவெடுத்த எங்கள் புதல்வன், எங்களைக் கேட்காமலேயே ஒரு கருவியை வாங்கி அனுப்பிவிட்டான். சுவரில் மாட்டும் வெள்ளைப் பெட்டி ஒன்று, கதவுகளில் ஒட்டும் காந்தத் துண்டுகள், ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் கண் ஒன்று, ஊரையே எழுப்பும் சைரன் ஒன்று. கதவு திறந்தாலோ கூடத்தில் ஆள் நடந்தாலோ சைரன் அலறும்; அலறிக்கொண்டிருக்கும்போதே பெட்டியானது நாம் பதிந்து வைத்த எண்களை வரிசையாக அழைத்து, நம் குரலில் பதிந்த பத்து விநாடிச் செய்தியைச் சொல்லும். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவர், அவரும் எடுக்காவிட்டால் அதற்கடுத்தவர், யாருமே எடுக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இந்தக் குணம் உள்ள உறவினர்கள் எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதால் எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகத் தோன்றவில்லை.

பெட்டிக்குள் ஒரு சிம் போட வேண்டும். எங்களுக்கு வந்த பெட்டி 2ஜியில் மட்டுமே பேசும் ரகம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் வீட்டில் சும்மா கிடந்த ஜியோ சிம் பயன்படவில்லை. பிஎஸ்என்எல்லில் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம். அந்த எண் உற்றார் உறவினர் ஒருவருடைய கைபேசியிலும் பதிவாகியிருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். தவிரவும், ரீசார்ஜ் காலாவதியானால் பெட்டி ஊமையாகிவிடும் என்பதால், வருகிற திருடன் அந்தத் தேதிக்கு முன்னதாக வந்து போனால் நமக்குச் சௌகரியம்.

போலீஸ் எண்ணையும் அதில் பதிந்துவிடலாமே என்று நான் சொன்ன யோசனையைப் புதல்வன் ஒரே வார்த்தையில் நிராகரித்தான். 100-ஐயோ 112-ஐயோ இயந்திரத்தின் கையில் கொடுக்கக் கூடாதாம், பொய் அழைப்புப் போனால் வம்பாம். காவல் நிலையத்துக்கு நேரில் போய், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம், ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுக்கும் பழைய வழக்கமே போதும் என்றான். ஆகவே என் எண், மனைவியின் எண், புதல்வனின் எண், மைத்துனரின் எண் என்று வரிசைப்படுத்தி, கடைசி இடத்துக்குப் பெரியவர் என்ற மரியாதையில் சித்தப்பாவின் எண்ணைப் போட்டோம்.

அடுத்தது பத்து விநாடிச் செய்தி. பெயர், ஊர், விஷயம் மூன்றையும் பத்து விநாடிக்குள் சொல்ல வேண்டும் என்றதும் எனக்குக் குரல் தானாகவே ரயில் நிலைய அறிவிப்பு போல மாறிவிட்டது. "திருச்சி வீட்டில் அந்நியர் நுழைந்திருக்கிறார்கள், உடனே கவனிக்கவும்" என்று நான் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தபோது இரண்டு விநாடி மிச்சம் இருந்தது. அந்த இரண்டு விநாடியில்தான் அடுப்பில் வைத்த பால் பொங்கியது. "ஐயோ, போச்சு, போச்சு!" என்று என் மனைவி எழுப்பிய கூக்குரல் வெகு தெளிவாகப் பதிவாகிவிட்டது. போட்டுக் கேட்ட புதல்வன், சோதனைக்கு இது போதும், ஒலியளவு சரியாக இருக்கிறது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தான்.

வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணிக்குச் சோதனை. புதல்வன் வீடியோ அழைப்பில் இருந்தான். ரிமோட்டில் பூட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டு, பெட்டி தரும் அவகாசத்துக்குள் இருவரும் வாசல் திண்ணைக்கு வந்துவிட வேண்டும். சிறிது நேரம் கழித்து நான் திருடனாக உள்ளே நுழைய வேண்டும் என்பது ஏற்பாடு. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பாத்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதே, ஆளில்லாத வீட்டுக்குள் சைரன் அலறத் தொடங்கிவிட்டது.

அந்தக் கண் உண்மையில் ஆளைப் பார்ப்பதில்லை. உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்கள் இடம் மாறுவதை மட்டுமே உணர்கிறது. கூடத்தில் நடக்கும் மனிதன் அதற்குத் தூரத்தில் அசையும் ஒரு சூட்டுத் திட்டு. கண்ணின் முகப்பில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லையின் மீதே ஒரு பல்லி ஊர்ந்து போனால், அதன் கணக்கில் பீமசேனனே கூடத்தை அடைத்துக்கொண்டு நடக்கிறான். நாங்கள் கதவைத் திறந்து பார்த்தபோது பல்லி வில்லையின் நட்டநடுவே வாலை வளைத்துக்கொண்டு, அத்தனை சத்தத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத முகத்துடன் உட்கார்ந்திருந்தது. என் மனைவி சைரனை நிறுத்துவதற்கு முன்பாகப் பஞ்சாங்கத்தை எடுத்தாள். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், முழங்காலில் விழுந்தால் என்று பலன் போட்டவர்கள் அகச்சிவப்புக் கண்ணில் ஏறினால் என்ன என்பதைப் போடாமல் விட்டிருந்தார்கள்.

சைரன் கேட்டுத் தெருவில் யாரும் ஓடி வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பையன் மட்டும் வந்து, சீரியல் வசனம் காதில் விழவில்லையாம், கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெட்டி இதற்குள் தன் கடமையைத் தொடங்கியிருந்தது. முதலில் என் எண்ணை அழைத்தது. நான் புதல்வனுடன் பேசிக்கொண்டிருந்ததால் லைன் பிஸி. மனைவியின் கைபேசி பூஜையறையில் சைலண்டில் கிடந்தது. புதல்வன் என்னோடு பேசிக்கொண்டிருந்ததால் வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, "யாரோ கிரெடிட் கார்டுப்பா" என்று எனக்கே விளக்கம் சொன்னான். மைத்துனர் ஒரு படி மேலே போய், தெரியாத எண் என்று பார்த்ததுமே துண்டித்து, அந்த எண்ணை முடக்கியும் வைத்துவிட்டார். திருடனிடமிருந்து வீட்டைக் காக்கப் புறப்பட்ட பெட்டியைத் தனிநபர் கடன் விற்கிறவர்கள் இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

எடுத்தவர் சித்தப்பா ஒருவர்தான். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்துவதற்கு வெகு காலம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டாலும், தந்தி அலுவலகத்தில் கழித்த வாழ்க்கை அவரை விட்டுப் போகவில்லை. வந்த செய்தியைச் சுருக்கமாக, தாமதமின்றி, சேர வேண்டிய அத்தனை பேருக்கும் சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய தர்மம். அந்நியர் நுழைந்ததாக என் குரலையும், அதைத் தொடர்ந்து என் மனைவியின் கூக்குரலையும், பிறகு மயான அமைதியையும் கேட்ட மனிதர் வேறு என்ன செய்வார்? "திருச்சி வீட்டில் திருட்டு. மருமகள் அலறல். பிறகு பேச்சு இல்லை." இவ்வளவுதான் அவர் சொன்னது, இன்றுவரை ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார், நானும் நம்புகிறேன். கூட்டியவர்கள் மற்றவர்கள். தஞ்சாவூரைக் கடக்கும்போது திருடனுக்குக் கத்தி முளைத்தது, புதுக்கோட்டையில் அவன் இரண்டு பேரானான், திண்டுக்கல்லில் இருபது பவுன் போயிருந்தது, மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது நாற்பது.

அன்று இரவு எங்களுக்கு வந்த அழைப்புகளை எடுத்து எடுத்து மறுத்ததில் என் தொண்டை கட்டிவிட்டது. என் மனைவியும் ஆரம்பத்தில் என்னைப் போலத்தான் மறுத்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் பெரியம்மா அழைத்து, "நாற்பது பவுனாமே, நான் நம்பவில்லை, அந்த வீட்டில் எடுத்துக்கொண்டு போக அப்படி என்னடி இருக்கிறது?" என்று ஆறுதல் சொன்னதில்தான் விஷயம் தடம் புரண்டது. பவுனுக்கு 8 கிராம் கணக்கில் நாற்பது பவுன் என்பது 320 கிராம். எங்கள் பீரோவில் இருப்பது எவ்வளவு என்பதை எழுதினால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. என் மனைவி ஒரு கணம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு குண்டுமணிகூடப் போகவில்லை பெரியம்மா, நாற்பதும் பத்திரமாக இருக்கிறது" என்று பதில் சொல்லிவிட்டாள்.

பெரியம்மாவிடம் சொன்னதைச் சித்தப்பா மறுநாள் ஊர்ஜிதம் செய்து அனைவருக்கும் அனுப்பினார். நேற்று மாலை கரூரிலிருந்து அத்தை மகன் பேசினான். வீட்டில் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, நகையை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து, அதை வங்கியில் அடகு வைத்தால் பாதுகாப்புக்குப் பாதுகாப்பும் ஆயிற்று, வருகிற பணம் தன் தொழிலுக்கும் உதவியாயிற்று என்று அழகாக எடுத்துரைத்தான். கடன் கேட்டு விண்ணப்பித்திருக்கும் இடங்களிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்பதால், தெரியாத எண் எதுவானாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவதாகவும் பேச்சுவாக்கில் சொன்னான்.

எனக்கு அந்த இடத்தில் பொறி தட்டியது. மைத்துனர் எண்ணை நீக்கிவிட்டு இவன் எண்ணைப் பெட்டியில் பதிந்தால் என்ன என்று மனைவியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்வதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பீரோவில் நாற்பது பவுன் இருக்கிறது என்று நம்புகிறவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். நாம் காசியில் இருக்கும்போது, வீட்டில் ஆளில்லை என்று அவனுக்குத்தான் முதலில் சொல்லி அனுப்ப வேண்டுமா?"