டிவியை காப்பாத்துனேன், ரவுட்டர் போச்சு

போன வாரம் ராத்திரி இடி இடிக்க ஆரம்பிச்சதும் டிவி பிளக்கை மட்டும் புடுங்கிட்டு நிம்மதியா படுத்துட்டேன், காலைல பாத்தா ரவுட்டர் செத்துக் கிடக்கு, அதுலேர்ந்து ஒயர் போன கம்ப்யூட்டரோட லேன் போர்ட்டும் காலி. கரண்ட் லைன்ல மட்டும்தான் சர்ஜ், அதாவது திடீர்னு எகிறுற வோல்டேஜ், வரும்னு நெனச்சது என் தப்பு, போன் லைன், டிஷ் ஒயர்னு வெளியிலேர்ந்து வர்ற எது வழியாவும் வரும். சர்ஜ் ப்ரொடெக்டர் இல்லையான்னு கேக்காதீங்க. இருந்துச்சு, பழசு. உள்ள இருக்குற எம்ஓவி, அதாவது எகிறுற வோல்டேஜை வாங்கிக்கிற பார்ட்டு, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சுக்கிட்டே போகும், சும்மா லைட் எரியுதுன்னு நம்பக் கூடாது. எர்த் சரியில்லன்னாலும் பாதி பிரயோஜனம் போச்சு. மின்னல்ல 30,000 ஆம்பியர் போல பாயும், வீட்டு மேலயே விழுந்தா எந்த டப்பாவும் தாங்காது. இப்பல்லாம் வானம் இருட்டுனாலே எல்லா ஒயரையும் கழட்டிடுறேன், இடி கேக்க ஆரம்பிச்சப்புறம் கிட்டயே போறதில்ல, கை வெச்சா நமக்கே ஷாக்கு.